கறுப்புக் கையுறைகள்: திருகோணமலை மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடைகளையும் ஈட்டிகளையும் பூட்டிவைக்கும் எங்கள் சிறிய களஞ்சிய அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் எடுத்தது. வெற்றிமேடையில் மூன்று பேர். இருவர் தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தியிருக்கிறார்கள். மூன்றாமவர் சும்மா நிற்கிறார். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் சனிக்கிழமைகளில் நான் மைதானத்துக்குப் போவது ஓட்டம் பழக்கத்தான். ஆனால் தடை எடுக்கப் போகிற பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வியோடுதான் திரும்பி வருகிறது. ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். பெற்றோர் கேட்டவையும் இதில் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு கோபமாகக் கேட்கப்பட்டவை.

கையை உயர்த்தியிருக்கும் இருவரும் யார்? ஏன் அப்படி நிற்கிறார்கள்?

நடுவில் நிற்பவர் டொமி ஸ்மித். 200 மீற்றரை 19.83 செக்கனில் ஓடி, உலக சாதனையோடு தங்கம் வென்றவர். வலப்பக்கம் நிற்பவர் வெண்கலம் வென்ற ஜோன் கார்லோஸ். இருவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு மாதங்கள்தான் கடந்திருந்தன. ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்கத் தேசிய கீதம் ஒலித்தபோது இருவரும் முஷ்டியை உயர்த்தினார்கள். ஒருவர் வலக்கையையும் மற்றவர் இடக்கையையும் உயர்த்தியிருப்பதற்குக் காரணம், இருந்தது ஒரே ஒரு சோடிக் கையுறை. கார்லோஸ் தன்னுடையதைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். காலைப் பாருங்கள். இருவரும் சப்பாத்து இல்லாமல், கறுப்புக் காலுறையோடு நிற்கிறார்கள். அது தங்கள் மக்களின் வறுமையைக் காட்டுவதற்காக. கார்லோஸின் கழுத்திலிருந்த மணிமாலை, கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டவர்களின் நினைவாக.

இந்தக் காலுறையை உப்புவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்குத்தான் நான் முதலில் காட்டினேன். 400 மீற்றர் ஓடுகிறவன். சரளைக்கல் ஏறிய வளைவிலும் வெறுங்காலோடுதான் வருவான். குதிக்காலில் பழைய வெட்டு ஒன்று வெள்ளையாகத் தடித்திருக்கும். சப்பாத்து இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், அது பள்ளிக்கூடத்துக்கு மட்டுமாம். படத்தை நெடுநேரம் பார்த்தான். "இவர்களிடமும் சப்பாத்து இருந்திருக்கும்தானே சேர்?" என்று கேட்டான். இருந்தது. ஆளுக்கொரு சப்பாத்தை மேடையில் தங்கள் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அவர்களின் பதக்கங்களைப் பறித்துவிட்டார்கள் என்பது உண்மையா?

இல்லை. அணியிலிருந்து இடைநிறுத்தி ஒலிம்பிக் கிராமத்தைவிட்டு வெளியேற்றினார்கள். பதக்கங்கள் அவர்களிடமே இருந்தன. ஊருக்குத் திரும்பியபின் வந்தவைதான் மோசம்: கொலை மிரட்டல்களும் வேலையில்லாத ஆண்டுகளும்.

விளையாட்டுக்குள் அரசியல் வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். அது சரிதானே?

மைதானத்தில் யார் யாருடைய பேச்சு அரசியலாகக் கணக்கெடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். நம் ஊர் இல்ல விளையாட்டுப் போட்டியையே எடுங்கள். பிரதம விருந்தினராக ஓர் அரசியல்வாதி. அவர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை அணிநடைப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், இரண்டு பேர் மயங்கி விழுகிறார்கள். பிறகு மாலை, பேச்சு, வாக்குறுதி. இதை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. அந்த வெயிலில் ஒரு பிள்ளை கையில் கறுப்புத் துணி கட்டிவந்தால் மட்டும் அது அரசியல்!

1968இல் ஸ்மித்தையும் கார்லோஸையும் வெளியேற்றியே ஆகவேண்டும் என்று நின்றவர் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936இல் ஹிட்லரின் பேர்லினில் ஒலிம்பிக் நடந்தபோது அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் இவரே. அந்தப் போட்டியைப் புறக்கணிக்கக்கூடாது என்று பாடுபட்டார். அங்கே உயர்ந்த நாசி வணக்கக் கைகள் அவருக்கு உறுத்தவில்லை.

ஆனாலும் அப்பாவைச் சும்மா தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. கிண்ணியா, மூதூர், கந்தளாய், நகரம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அஞ்சல் தடி மாற்றுகிற இடம் இந்த மாவட்டத்தில் அதிகமில்லை. அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்பதுதான் அவருடைய பயம் என்றால், அந்தப் பயம் எனக்கும் உண்டு.

கொலின் கெப்பர்னிக் ஏன் மண்டியிட்டார்?

அமெரிக்கக் கால்பந்தில் சான் பிரான்சிஸ்கோ அணியின் முன்னணி வீரர் அவர். 2016 ஓகஸ்டில், பொலிஸார் கறுப்பினத்தவரைக் கொல்வதற்கு எதிராக, தேசிய கீதத்தின்போது எழும்பாமல் இருக்கையிலேயே இருந்தார். போரில் இறந்தவர்களை அவமதிக்கிறார் என்று கூச்சல் எழுந்தது. நேட் போயர் என்ற முன்னாள் படைவீரர் அவருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்துப் பேசினார்கள். உட்கார்ந்திருப்பதைவிட ஒரு முழங்காலை ஊன்றுங்கள், தோழனின் கல்லறை முன்னால் நாங்கள் அப்படித்தான் மண்டியிடுவோம் என்றார் போயர். அதாவது அவமதிப்பு என்று இன்றுவரை திட்டப்படும் அந்தச் செய்கை, மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு படைவீரர் சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பருவம் முடிந்த பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 29 வயதில் அவருடைய ஆட்டம் முடிந்தது. 2020 மே மாதம் ஜோர்ஜ் புளொய்டின் கழுத்தில் ஒரு பொலிஸ்காரர் முழங்காலை ஊன்றிக் கொன்ற பிறகு உலகமே மண்டியிட்டது. வீரர்களுக்குக் காது கொடுக்காதது தவறு என்று அந்த லீக்கின் ஆணையாளரே சொன்னார். அப்போதும் கெப்பர்னிக்குக்கு வேலை கிடைக்கவில்லை. நான் பிள்ளைகளிடம் இந்தக் கதையின் பிற்பகுதியை விடாமல் சொல்வதுண்டு. முற்பகுதிக்குக் கைதட்டுவது இலகு.

எல்லோரும் மண்டியிடும்போது மறுப்பவர் இனவாதியா?

2021 ஒக்டோபர், டுபாய், இருபது ஓவர் உலகக் கிண்ணம். மேற்கிந்தியத் தீவுகளுடனான ஆட்டத்தன்று எல்லோரும் கட்டாயம் மண்டியிட வேண்டும் என்று தென்னாபிரிக்க கிரிக்கெட் சபை தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. குவின்டன் டி கொக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். ஊரெல்லாம் அவரை இனவாதி என்றது. பிறகு அவர் வெளியிட்ட அறிக்கையில் மன்னிப்பும் இருந்தது, விளக்கமும் இருந்தது: தன் மாற்றாந்தாய் கறுப்பினத்தவர், மாற்றாந்தாய்வழிச் சகோதரிகள் கலப்பினத்தவர், கறுப்பு உயிர்களின் மதிப்பு தனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும், ஆட்டத்துக்குச் சற்று முன் கட்டளையிட்ட விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை என்று. நான்கு நாட்களுக்குப் பிறகு சார்ஜாவில் அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். எதிரணி நம் இலங்கை.

அவர் முதலிலேயே மண்டியிட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம். அவருடைய நாட்டின் வரலாறு அப்படிப்பட்டது. ஆனால் சபை செய்தது அதைவிட அசட்டுத்தனம். எதிர்ப்பைச் சுற்றறிக்கை மூலம் வரவழைத்தால் அது அணிநடை.

தேசிய கீதத்தைப் பாடாமல் நிற்பது எதிர்ப்பா?

சில வேளைகளில். 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தின் முன் ஈரான் வீரர்கள் தங்கள் கீதத்தைப் பாடாமல் வாயை மூடி நின்றார்கள். மாசா அமினி பொலிஸ் காவலில் இறந்ததை அடுத்து அங்கே வெடித்திருந்த போராட்டங்களின் நேரம் அது. அந்த மௌனத்தின் பொருள் பார்த்த எல்லோருக்கும் விளங்கியது.

இன்னொரு மௌனத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாகாணமட்டப் போட்டி. எங்கள் பிள்ளை ஒருத்தி நீளம் பாய்தலில் முதலிடம். நிறைவு நிகழ்ச்சியில் வெற்றியாளர்களை முன்வரிசையில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் சிங்களத்தில் கீதத்தை ஒலிபரப்பினார்கள். அவளுடைய உதடு அசையவில்லை. கைகளை உடலோடு ஒட்டி, நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான். முடிந்ததும் ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை என்ன காட்டுகிறாள் என்று அதட்டினார். அதற்குள் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் அவளைத் தோளில் தூக்காத குறை. அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "எனக்கு அந்தச் சொற்கள் தெரியாது சேர், தமிழில் என்றால் பாடியிருப்பேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்திருக்கிறாள்.

தமிழ்ப் பாடசாலைகளில் காலங்காலமாகப் பாடிவரும் தமிழ் வடிவம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. கொழும்பில் சுதந்திர தின விழாவில் 1949க்குப் பிறகு அது பாடப்பட்டது 2016இல். 2020இல் மீண்டும் விடுபட்டது. அவளுக்குத் தெரிந்த பாட்டை ஒலிக்கவிடாமல் வைத்துவிட்டு, அவள் ஏன் பாடவில்லை என்று கேட்டார்கள். அவள் செய்யாத எதிர்ப்புக்காக ஒரு தரப்பு திட்டியது, மறு தரப்பு கொண்டாடியது. இரண்டையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த வரலாற்றில் இலங்கை வீரர்கள் எங்கே நிற்கிறார்கள்?

பெருமைப்படும்படியாக அல்ல. வெள்ளையரையும் மற்றவரையும் பிரித்துவைத்த இனஒதுக்கல் ஆட்சிக்காகத் தென்னாபிரிக்காவை 1970இலிருந்து 1991வரை உலகக் கிரிக்கெட் ஒதுக்கிவைத்தது. அதற்கு முன்னோடியான சம்பவம் 1968இல் நடந்தது. வெள்ளையரல்லாதவர் என்பதால் சொந்த நாட்டில் ஆட வழியில்லாமல் இங்கிலாந்துக்குப் போய் அந்த அணிக்காக ஆடியவர் பசில் டி ஒலிவேரா. அவர் இருக்கும் அணியை வரவேற்க மாட்டோம் என்றது தென்னாபிரிக்க அரசு. சுற்றுப்பயணமே ரத்தானது.

இலங்கை தன் முதலாவது டெஸ்டை ஆடியது 1982 பெப்ரவரியில். முதல் பந்தை எதிர்கொண்டு முதல் ஓட்டத்தை எடுத்தவர் அணித்தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய தலைமையில் ஓர் அணி, 'அரோசா ஸ்ரீலங்கா' என்ற பெயரில், பணத்துக்காகத் தென்னாபிரிக்காவுக்குப் போய் ஆடியது. கறுப்பர்கள் தங்கள் மண்ணிலேயே வெள்ளையரோடு ஒரே வாங்கில் உட்கார முடியாத நாட்டில், நம் கறுத்த பையன்கள் விருந்தினராக ஓட்டல்களில் தங்கினார்கள். திரும்பியவர்களுக்கு 25 ஆண்டுத் தடை. சரியான தண்டனையா? பணமில்லாத காலத்து வீரர்கள், கடனும் குடும்பமும் உள்ளவர்கள். காலம் கொஞ்சம் கூடுதல்தான். தண்டிக்காமல் விட்டிருக்கவும் முடியாது.

என்னை அரிப்பது வேறொன்று. தூரதேசத்து இனஒதுக்கலுக்குத் துணைபோனதற்காகத் தன் வீரர்களை இவ்வளவு கடுமையாகத் தண்டித்த இதே நாட்டில், அதற்கு ஓராண்டுகூட ஆகாமல் 1983 ஜூலை வந்தது. அப்போது கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு களமிறங்கிய கிரிக்கெட் வீரர் எவரையும் எனக்கு நினைவில்லை.

அப்படிச் செய்தவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். 2003 உலகக் கிண்ணத்தில், ஹராரேயில், சிம்பாப்வேயின் அன்டி பிளவரும் ஹென்றி ஒலங்காவும் தங்கள் நாட்டில் ஜனநாயகம் சாகிறது என்று சொல்லிக் கறுப்புப் பட்டி அணிந்து ஆடினார்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர். ஒலங்கா நாட்டைவிட்டுத் தப்பியோட வேண்டியதாயிற்று.

முரளிதரனுக்கு நடந்தது இனவெறியா? அவர் ஏன் தமிழருக்காகப் பேசவில்லை?

இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்கிறார்கள். 1995 டிசெம்பர் 26, மெல்பேர்ன். முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று, நடுவர் டரல் ஹெயர் முரளியின் பந்துகளை ஏழு தடவை 'நோ போல்' (செல்லாத பந்து) என்றார். ஹெயரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் பிந்திய பயணங்களில் அவுஸ்திரேலிய ரசிகர்கள் ஒவ்வொரு பந்துக்கும் கூட்டமாக 'நோ போல்' என்று கத்தியது விதிமுறை மேலுள்ள பற்றினால் அல்ல. பின்னர் ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தபோது, பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்கிறது என்று தெரியவந்து, எல்லோருக்கும் 15 பாகைவரை நிமிரலாம் என்று விதியையே மாற்றினார்கள். 1999இல் அடிலெயிட்டில் மீண்டும் முரளியை 'நோ போல்' என்றபோது அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்று நின்றார். சிங்களத் தலைவர் ஒருவர், ஒரு தமிழனுக்காக, ஆட்டத்தையே பணயம் வைத்தார். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை, மறக்கவும் சொல்லமாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் சிலருக்குப் பிடிப்பதில்லை. முரளியின் அரசியல் பேச்சுகளோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. அதற்காக 800 விக்கெட் எடுத்தவன் என் சார்பில் கையை உயர்த்தியே ஆகவேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? 2013இல் இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஐபிஎல் ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டு அரசு தடுத்தது. தமிழருக்கு நீதி கேட்டு விதித்த அந்தத் தடையில் சிக்கியவர்களில் ஒருவர் பெங்களூர் அணியிலிருந்த முத்தையா முரளிதரன்.

விதிகள் என்ன சொல்கின்றன?

ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆம் விதி, போட்டி இடங்களில் அரசியல், மத, இனப் பிரசாரத்தைத் தடுக்கிறது. 2021இல் சிறிது தளர்த்தினார்கள்: ஆட்டம் தொடங்குமுன் களத்தில் கருத்தைக் காட்டலாம், வெற்றிமேடையில் முடியாது. டோக்கியோவில் குண்டு போடுதலில் வெள்ளி வென்ற ரேவன் சோண்டர்ஸ் மேடையிலேயே கைகளைக் குறுக்காக உயர்த்தினார்.

கிரிக்கெட்டில் இன்னும் குழப்பம். 2020இல் இங்கிலாந்து, மேற்கிந்திய வீரர்கள் 'கறுப்பு உயிர்கள் முக்கியம்' என்ற சின்னத்தைச் சட்டைக் கழுத்தில் அணிய அனுமதி கிடைத்தது. 2023 டிசெம்பரில் அவுஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா காஸாவை மனதில் வைத்து, எல்லா உயிரும் சமம் என்று சப்பாத்தில் எழுதினார். அனுமதி இல்லை. கறுப்புப் பட்டி அணிந்தார், கண்டனம் கிடைத்தது. ஒன்று அரசியல், மற்றது அரசியல் அல்ல என்று எந்த அளவுநாடாவால் அளந்தார்களோ தெரியவில்லை.

நம் ஊரில் பேசவேண்டியவை இருக்க, அமெரிக்கக் கதை எதற்கு?

ஒரு தாய் கேட்டார். கேள்வியில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது.

2020 செப்டெம்பரில் நியூயோர்க் டென்னிஸ் போட்டிக்கு நயோமி ஒசாகா ஏழு முகக்கவசங்களோடு போனார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பொலிஸாராலோ இனவெறியர்களாலோ கொல்லப்பட்ட ஏழு கறுப்பினத்தவரின் பெயர்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒன்று. ஏழும் வெளியே வரவேண்டுமானால் இறுதி ஆட்டம்வரை வெல்லவேண்டும். வென்றார், கிண்ணத்தையும் எடுத்தார். என்ன செய்தி சொல்ல விரும்பினீர்கள் என்று கேட்டவரிடம், உங்களுக்கு என்ன செய்தி கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்க் கச்சான் கொறிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் காந்தி சிலை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை அங்கே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரை 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. என் பிள்ளைகளில் பலர் 2006க்குப் பிறகு பிறந்தவர்கள். ஒசாகாவின் ஏழு பெயர்களையும் நான் சொல்லி முடித்த அன்று, ஒருத்தி சிலைப் பக்கம் திரும்பி, "அந்த ஐந்து அண்ணாமாரின் பெயர்கள் என்ன சேர்?" என்றாள். சொன்னேன். அந்தத் தாய்க்கு நான் கொடுத்த பதிலும் இதுதான்.

என் மகன் அடுத்த போட்டியில் ஏதாவது செய்யப்போகிறேன் என்கிறான். தடுக்கவா?

என்னிடம் அனுப்புங்கள். மூன்று விடயங்கள் கேட்பேன். எதற்காக? யார் சொல்லி? அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியுமா? ரியோ ஒலிம்பிக்கில் மரதன் வெள்ளி வென்ற எத்தியோப்பியர் பெயிசா லிலேசா, தன் ஒரோமோ மக்கள் கொல்லப்படுவதைச் சொல்லக் கைகளைத் தலைக்குமேல் குறுக்காகக் கட்டியபடி எல்லைக்கோட்டைக் கடந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அவருக்கு அது தெரிந்தே இருந்தது. பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியுமா? பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து தூண்டிவிட்டுத் தான் நிழலில் நிற்கிறார் என்று தெரிந்தால் பையனை விட்டுவிட்டு அந்தப் பெரியவரோடுதான் எனக்குப் பேச்சு.

படத்தில் சும்மா நிற்கும் வெள்ளைக்காரர் யார்?

கடைசியாகத்தான் கேட்பார்கள், எப்போதும். அவுஸ்திரேலியரான பீற்றர் நோர்மன். 20.06 செக்கனில் வெள்ளி வென்றவர். அந்தத் தேசிய சாதனை 2024 டிசெம்பர்வரை, 56 ஆண்டுகள், உடையாமல் இருந்தது. ஒரே சோடிக் கையுறையை ஆளுக்கொன்றாகப் போடுங்கள் என்று யோசனை சொன்னவர் அவர்தான் என்பார்கள். இடப்பக்க மார்பை உற்றுப் பாருங்கள், வட்டமான சின்னம் ஒன்று தெரியும். மற்ற இருவரும் அணிந்திருக்கும் அதே மனித உரிமைச் சின்னம். அமெரிக்கப் படகோட்டி ஒருவரிடம் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார். 1972 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. 2006இல் இறந்தார். ஸ்மித்தும் கார்லோஸும் பெட்டியைச் சுமந்தார்கள். அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012இல் மன்னிப்புக் கேட்டது.

கலிபோர்னியாவில் ஸ்மித்தும் கார்லோஸும் படித்த பல்கலைக்கழகத்தில் அந்த மேடையைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். நோர்மனின் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். வருகிறவர்கள் ஏறி நிற்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

போன மாதம் எங்கள் பையன்கள் மூவர், தடைகளை உள்ளே வைத்துவிட்டுச் சீமெந்துத் திட்டில் ஏறி அந்தப் படம்போல நிற்கப் பார்த்தார்கள். முஷ்டி உயர்த்த இருவர் தயார். நோர்மனாக நிற்க யாருக்கும் விருப்பமில்லை. கடைசியில் மூதூர்ப் பையனைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். ஒன்றும் செய்யாதே, கையைக் கீழே போட்டுக்கொண்டு நில் என்றார்கள். அவன் இறங்கிப்போய் என் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். போட்டி இலக்கத்தைச் சட்டையில் குத்துகிற ஊசி ஒன்று வேண்டுமாம்.